கேட்டால்தான் சொல்ல வேண்டுமா?

பழைய கார் ஒன்றை வாங்க விரும்பும் நம் பகுதி மக்கள் அதைப் பார்க்கத் தனியே செல்வதில்லை. ஆத்தூரிலிருந்து புறப்பட்டாலும் புன்னைக்காயலிலிருந்து புறப்பட்டாலும், தமக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டே தூத்துக்குடிக்குப் போகிறார்கள். முன்னாளில் மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள், பல் பிடித்துப் பார்க்கவும் சுழி பார்க்கவும் தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துச் சென்றதைப் போன்றதே இது. விற்பவரோ அந்த வண்டியை ஐந்தாறு ஆண்டுகள் ஓட்டியவர். அதன் ஒவ்வோர் ஓசையும் அவருக்குத் தெரியும். எந்த மழையில் நின்றுபோயிற்று, எந்த வளைவில் மோதியது, எதை மாற்றினார், எதை மாற்றாமல் விட்டார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆயினும், எல்லாம் அறிந்த அவர் அருகிலேயே நிற்க, ஒன்றும் அறியாத மூன்றாமவர் ஒருவர் தரையில் படுத்து, வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்து, அதன் வரலாற்றை ஊகிக்க வேண்டியிருக்கிறது. இக்காட்சி நமக்குப் பழகிப்போய்விட்டது. பழகிப்போனதாலேயே அதில் அடங்கியுள்ள அறக்கேள்வி நம் கண்ணில் படுவதில்லை.

விற்பவர் தாம் அறிந்த குறையைத் தாமாகவே எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவரா? அல்லது, கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா? "கேட்டால்தானே சொல்லணும், சாமி? கேட்காததை எதுக்கு வலிய சொல்லணும்?" என்று நல்லவர்களே கேட்கிறார்கள். பொய் சொல்லக் கூசுபவர்கள் அவர்கள். ஆனால் மௌனம் வேறு, பொய் வேறு என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியானது என்பதைச் சற்று அமைதியாக ஆராய்ந்து பார்ப்போம்.

*சோதனை காட்டுவதும் காட்டாததும்*

நல்ல மெக்கானிக் ஒருவரின் கண்ணும் காதும் பலவற்றைக் கண்டுபிடித்துவிடும் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் வந்தவுடன் பானட்டைத் தொட்டுப் பார்ப்பார். வண்டியை முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த இஞ்சின் கிளம்ப மறுக்கும் குறை மறைந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். சைலன்சரிலிருந்து வரும் புகையின் நிறத்தைக் கவனிப்பார். நீலப் புகை என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது. வெண்புகை விடாமல் வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் உட்புறம் பாலேடு போல் வெளுத்திருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டதோ என்று ஐயுறுவார். ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெல்ல ஓட்டச் சொல்லி, முன்சக்கரத்து அச்சிலிருந்து 'டக் டக்' என்ற ஓசை எழுகிறதா என்று காது கொடுப்பார். கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள சந்து ஓரிடத்தில் அகன்றும் மற்றோரிடத்தில் குறுகியும் இருந்தால், அங்கே டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது. பட்டி தடித்துப் பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. மீட்டரில் நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று காட்ட, பிரேக் மிதியின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருந்தால், இரண்டில் எது உண்மை பேசுகிறது என்பதை அவர் அறிவார்.

இவற்றோடு நம் கடற்கரைக்கே உரிய ஒரு குறையும் உண்டு. பழையகாயலிலும் ஆறுமுகநேரியிலும் உப்பளங்களை ஒட்டியே சாலை செல்கிறது. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். மேலே புதுப் பெயிண்ட் பளபளக்க, அடித்தகடும் பிரேக் குழாயும் துருவேறி இற்றுக்கொண்டிருக்கும். அதனால்தான் இங்குள்ள மெக்கானிக் காரின் முகத்தைப் பார்ப்பதற்குமுன் அதன் வயிற்றைப் பார்க்கிறார்.

இருந்தும் அவருடைய திறமைக்கு எல்லை உண்டு. எந்தக் கம்பெனியின் எந்த மாடல் நன்றாக உழைக்கும், எதில் கிளட்ச் விரைவில் தேயும், எதற்கு உதிரிப் பாகம் எளிதில் கிடைக்கும் என்பது பொது அறிவு; நாலு பேரைக் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் இந்தக் குறிப்பிட்ட வண்டி எப்படி நடத்தப்பட்டது என்பது ஒரே ஒருவரிடம் உள்ள அறிவு. பழுதற்றது எனப் பெயர் பெற்ற மாடலும், ஆயில் மாற்றாமல் ஓட்டியவர் கையில் பாழாகியிருக்கக்கூடும். குறை சொல்லப்படும் மாடலும், பேணத் தெரிந்தவர் கையில் நல்ல நிலையில் இருக்கக்கூடும். ஆகவே 'எந்தக் கார் நம்பகமானது?' என்ற கேள்வி, சிறிது தூரம் சென்றதும், 'இந்தக் காரை விற்கும் மனிதர் நம்பகமானவரா?' என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

முற்காலத்தைவிட இன்று இது இன்னும் கூர்மையான கேள்வி. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசிடர் காரை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அதன் குறைகள் வாய்விட்டுப் பேசின. ஆயில் கசிந்தால் தரையில் கறை தெரியும். கதவு தளர்ந்தால் தெருவுக்கே கேட்கும். கிராமத்துப் பட்டறையிலேயே பிரித்துப் பார்த்துவிடலாம். இன்றைய செடான் கார்களில் இஞ்சினை ஆள்வது ஒரு சிறு கணினிப் பெட்டி. சறுக்காமல் நிறுத்தும் பிரேக்கும், விபத்தின்போது உயிர்காக்கும் காற்றுப்பையும் மின்னணுக் கருவிகளின் ஆணைக்குக் காத்திருக்கின்றன. பழுது குறித்த எச்சரிக்கைகளைக் கருவி வைத்துப் படிக்கலாம். ஆனால் விற்பதற்கு முந்தின நாள் அவற்றை அழித்துவிடவும் முடியும். வண்டி மௌனமாகிவிட்டது. அதனால் அதை அறிந்த மனிதரின் வாய்ச்சொல் முன்னினும் இன்றியமையாததாகிவிட்டது.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை எண்ணிப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. ஆற்றோரத்து ஊர்கள் தனித்தனித் தீவுகளாயின. வீட்டையும் உடைமையையும் இழந்தவர்களின் துயரை ஒப்பிட, நீரில் மூழ்கிய கார்கள் ஒரு பொருட்டல்ல. எனினும் அவையும் மூழ்கின. அதே மாதத் தொடக்கத்தில் புயல் மழையால் சென்னையிலும் மூழ்கின. அத்தகைய வண்டியைச் செப்பனிடும் செலவு, அதன் காப்பீட்டு மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால், காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாகக் கணக்கிட்டுவிடும். பின்னர் அது அழிபொருளாக விலைபோகும். அப்படி விலைபோனவற்றுள் சில, கழுவித் துடைத்து, இருக்கை உறை மாற்றி, வாசனைத் தெளிப்பான் அடித்து, மறுபடியும் விற்பனைக்கு வருவதுண்டு.

நீரில் மூழ்கிய கார் வாங்கிய அன்றே நின்றுவிடுவதில்லை. பல மாதங்கள் நன்றாகவே ஓடும். இருக்கைக்கு அடியிலுள்ள வயர் இணைப்புகளில் பச்சை பூத்து, ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். இருக்கைப் பட்டையை இறுதிவரை இழுத்துப் பார்த்தால் அதன் அடிமுனையில் சேற்றுக் கோடு தெரியலாம். டிக்கியில் மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியில் வண்டல் தங்கியிருக்கலாம். தெரியாமலும் போகலாம். பட்டையை மாற்றிவிட்டால் எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. ஓர் இரவில் தாயை அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டை மருத்துவமனைக்கு விரையும் மகனுக்குத்தான் அது தெரியவரும்.

*சட்டம் சொல்வது*

'கேட்டால்தானே சொல்ல வேண்டும்' என்பவர்களுக்கு நாட்டின் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், சில விதிவிலக்குகளோடு, வாங்குபவனே விழித்திருக்க வேண்டும் என்ற பழைய கோட்பாட்டையே தழுவுகிறது. அதற்கும் முற்பட்ட 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில் மோசடி இன்னதென்று வரையறுக்கிறது. வெறும் மௌனம் மோசடி ஆகாது என்பது அதன் பொது விதி. ஆனால் பேச வேண்டிய கடமை இருக்கும் சூழலிலும், மௌனமே பேச்சுக்கு நிகராகும் சூழலிலும் அவ்விதி பொருந்தாது. இதை விளக்கச் சட்டம் இயற்றியோர் தந்த எடுத்துக்காட்டுகள், சட்டம் பயிலாதவரும் சிந்திக்கத் தக்கவை. அக்காலத்தில் கார் ஏது? அவர்கள் எடுத்துக்கொண்டது குதிரை.

ஒருவன் நலமற்ற குதிரையை ஏலத்தில் விற்கிறான். அது நலமற்றது என்று அவனுக்குத் தெரியும், ஒன்றும் சொல்லவில்லை. இது மோசடி அன்று என்கிறது சட்டம். அடுத்த எடுத்துக்காட்டில் அதே குதிரை, அதே மௌனம். ஆனால் வாங்குபவள் அவனுடைய மகள், அப்போதுதான் உரிய வயதை அடைந்தவள். இங்கே அந்த உறவின் காரணமாகவே குறையைச் சொல்லும் கடமை தந்தைக்கு உண்டு என்கிறது சட்டம். மூன்றாவதில் வாங்குபவன், "நீ மறுக்காவிட்டால் குதிரை நலமானது என்றே எடுத்துக்கொள்வேன்" என்கிறான். விற்பவன் வாய் திறக்கவில்லை. இந்த மௌனம் பேச்சுக்கு நிகர்.

குதிரை மாறவில்லை, அதன் நோயும் மாறவில்லை. அந்நியனுக்கு விற்றால் குற்றமற்ற மௌனம், மகளுக்கு விற்றால் குற்றமாகிறது. சட்டத்தை இதற்காகக் குறைகூற வேண்டியதில்லை. நீதிமன்றம் தீர்த்துவைக்கக்கூடிய வழக்குகளுக்கு ஓர் எல்லை வேண்டும்; சட்டம் அந்த எல்லையை வரைகிறது. ஆனால் சட்டம் தண்டிக்காதது எல்லாம் அறம் என்றாகிவிடாது. மனச்சான்றின் எல்லை எங்கே என்பதுதான் நம் கேள்வி.

*மூடிய சிப்பியின் வழக்கு*

இங்கே நம் கடற்கரையின் வரலாற்றையே காட்டி ஒருவர் மறுப்புரைக்கலாம். முத்துக்குளிக்கும் காலத்தில் சிப்பிகளை மூடியபடியே, ஆயிரம் ஆயிரமாக எண்ணி, ஏலத்தில் விற்றார்கள். உள்ளே முத்து உண்டா இல்லையா என்று யார் சொன்னார்கள்? ஒருவர் வாங்கிய குவியலில் விலைமதிப்பற்ற முத்துகள் கிடைத்தன. மற்றொருவருக்கு வெறும் ஓடும் நாற்றமுமே மிஞ்சின. அது வாணிபத்தின் துணிவு என்றுதானே ஏற்றுக்கொண்டார்கள்? பழைய காரும் மூடிய சிப்பி போன்றதே. வாங்குபவர் தம் நல்லூழை நம்பி வாங்கட்டுமே!

கேட்க இனிதாக இருக்கும் இவ்வாதம் ஒரு முக்கியமான வேறுபாட்டை விட்டுவிடுகிறது. சிப்பியின் உள்ளே இருப்பதை விற்பவரும் அறியார், வாங்குபவரும் அறியார், மூழ்கி எடுத்தவரும் அறியார். அறியாமை அங்கே எல்லாருக்கும் பொதுச்சொத்து. அதனால்தான் அந்த ஏலம் நேர்மையானதாயிற்று. அறியக்கூடியதை அங்கும் மறைக்கவில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். குளிப்புக்கு முன்னரே பார்களை ஆய்ந்து, மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, அம்மதிப்பை வணிகர்கள் அறியச் செய்யும் வழக்கம் இருந்தது. தாம் அறிந்ததைப் பகிர்ந்துகொண்ட பிறகு எஞ்சிய அறியாமையைத்தான் இருதரத்தாரும் சேர்ந்து துணிந்தார்கள். தூத்துக்குடிப் பார்களில் 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆனால் அது விட்டுச்சென்ற பாடம் இன்றும் பயன்படும். விற்பவர் முன்னதாகவே சிப்பியைத் திறந்து பார்த்து, முத்து இல்லை என்று கண்டு, மறுபடியும் மூடி ஏலத்தில் வைத்திருந்தால் அந்தக் கடற்கரை அதை என்னவென்று அழைத்திருக்கும்? மூழ்கிய காரைக் கழுவி விற்பது மூடிய சிப்பியை விற்பதாகாது. திறந்து பார்த்து மூடிய சிப்பியை விற்பதாகும்.

*இரண்டு ஆசிரியர்கள்*

இக்கேள்வி நம் காலத்தில் தோன்றியதன்று. கிறிஸ்து பிறப்பதற்கு 44 ஆண்டுகளுக்கு முன், உரோமை அறிஞர் சிசரோ தம் மகனுக்குக் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். அவர் கூறும் கதை ஒன்று கடற்கரை மக்களாகிய நமக்கு மிகப் பொருத்தமானது.

கானியுஸ் என்ற உரோமைச் செல்வர் சீராக்கூஸ் நகருக்கு ஓய்வெடுக்க வந்தார். கடலோரத்தில் ஒரு தோட்டம் வாங்க விரும்பினார். பித்தியுஸ் என்ற வட்டிக்கடைக்காரர் அவரைத் தம் தோட்டத்துக்கு விருந்துக்கு அழைத்தார். அதற்கு முன்னரே ஊர் மீனவர்களைக் கூப்பிட்டு, மறுநாள் தம் தோட்டத்துக்கு எதிரே வந்து மீன்பிடிக்கும்படி ஏற்பாடு செய்தார். விருந்துநாளில் கடல் நிறையப் படகுகள்! ஒவ்வொரு மீனவரும் தாம் பிடித்ததைக் கொணர்ந்து பித்தியுஸின் காலடியில் கொட்டினார். வியந்துபோன கானியுஸ், கேட்ட விலையைக் கொடுத்துத் தோட்டத்தை வாங்கினார். அடுத்த நாள் நண்பர்களோடு வந்து பார்த்தால் ஒரு துடுப்பைக்கூடக் காணோம். இன்று மீனவர்களுக்கு ஏதேனும் திருநாளோ என்று அண்டை வீட்டாரைக் கேட்டார். 'இங்கே எவரும் மீன்பிடிப்பதில்லை. நேற்று வந்த கூட்டத்தைக் கண்டு நாங்களே வியந்தோம்' என்றார் அவர்.

பித்தியுஸின் வஞ்சகம் வாய்ச்சொல்லில் மட்டும் இருக்கவில்லை. படகுகளை நிறுத்திவைத்தார், பலவற்றைக் கானியுஸின் கண்களே அவருக்குச் சொல்லிக்கொண்டன. விற்பதற்கென்றே அடிக்கப்படும் புதுப் பெயிண்டும், பின்னோக்கித் திருப்பப்படும் மீட்டரும், இஞ்சினின் ஓசை அடங்குவதற்காக அன்று மட்டும் ஊற்றப்படும் கெட்டியான ஆயிலும் பித்தியுஸின் படகுகளே.

அக்குவினா நகர்ப் புனித தோமா, பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பகுதியில், 77ஆம் வினாவை முழுவதும் வாங்கல் விற்றலுக்கே ஒதுக்கினார். துறவியாகிய அவர் சந்தையின் இயல்பை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார் என்பது வியப்பளிக்கும். அவருடைய முடிவுகளைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம்.

கண்ணுக்குத் தெரியும் குறையை விற்பவர் வாய்விட்டுச் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். அதற்கேற்ப விலையைக் குறைத்தால் போதும். ஒற்றைக்கண் குதிரை அவர் தரும் எடுத்துக்காட்டு. மறைந்திருக்கும் குறை, வாங்குபவருக்கு இழப்பையோ இடரையோ விளைக்குமானால், அதைச் சொல்லியே தீர வேண்டும். ஆயினும் முரசறைந்து ஊருக்கெல்லாம் அறிவிக்கத் தேவையில்லை; அப்படிச் செய்தால் வாங்க வருபவரே அஞ்சி ஓடிவிடுவர். வாங்க முன்வரும் அந்த ஒருவரிடம் சொன்னால் போதும். குறையை விற்பவரே அறியாதிருந்தால் பாவமில்லை. ஆனால் பின்னர் அறியவந்தால் ஈடுசெய்ய வேண்டும்.

எவ்வளவு நடைமுறைக்கு ஒத்த அறிவுரை! விளம்பரத்தில் எல்லாக் குறைகளையும் பட்டியலிட வேண்டாம். ஆனால் முன்பணத்தோடு உங்கள் முற்றத்தில் வந்து நிற்பவரிடம் சொல்லியாக வேண்டும். தேய்ந்த டயரையும், கீறல் விழுந்த கதவையும் பற்றிப் பேசாவிட்டாலும் குற்றமில்லை. அவருக்கும் கண் இருக்கிறது. வண்டி மூழ்கியதையும், பெரிய விபத்தில் அதன் சட்டம் வளைந்ததையும், மேடேறும்போது இஞ்சின் சூடாவதையும் பற்றிப் பேசாவிட்டால் குற்றம்.

'விலையைக் குறைத்துத்தானே கொடுத்தேன், பிறகு எதற்குச் சொல்ல வேண்டும்?' என்று சிலர் கேட்பதுண்டு. இழப்புக்கும் இடருக்கும் புனித தோமா கண்ட வேறுபாடு இங்கேதான் பயன்படுகிறது. விலைக்குறைப்பு இழப்பை ஈடுசெய்யும், இடரை ஈடுசெய்யாது. பிரேக் சரியில்லாத வண்டியை இருபதாயிரம் ரூபாய் குறைத்துக் கொடுத்தால், அந்த இருபதாயிரம் பிரேக் பிடித்துவிடுமா? வாங்கியவர் அதை அறிந்தால்தான் அப்பணத்தைக் கொண்டு செப்பனிடுவார்.

அறியாமையைப் பற்றிய விதியிலும் ஒரு கண்ணி உண்டு. அறியாதவருக்குப் பாவமில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, அறியாதிருக்கவே முயல்பவர்கள் இருக்கிறார்கள். ஏதோ ஓசை வருகிறது. மெக்கானிக்கிடம் காட்டினால் தெரிந்துவிடும். தெரிந்தால் சொல்ல வேண்டிவரும். ஆகவே காட்டாமலே விற்றுவிடுவோம் என்பது அவர்கள் கணக்கு. இப்படித் தேடிக்கொண்ட அறியாமை அறிவில் ஒரு வகையே. அவர் குறைந்தது ஒன்றையாவது அறிவார். ஓசை வருகிறது என்பதை அறிவார். அதைச் சொன்னால் போதும்.

*வாங்குபவரின் பங்கு*

விற்பவரை மட்டும் கூண்டில் நிறுத்துவது நீதியாகாது. பித்தளை என்று எண்ணிப் பொன்னை விற்கும் ஒருவரிடமிருந்து, அது பொன் என்று தெரிந்தே வாங்குபவரும் அநீதி செய்கிறார், அவரும் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர் என்று அதே 77ஆம் வினாவில் புனித தோமா எழுதுகிறார். கணவரை இழந்த பெண் ஒருவர், வாசலில் நிற்கும் அவருடைய காரை விற்க முற்படுகிறார். அதன் விலை அவருக்குத் தெரியாது. அவர் அதை ஓட்டியதும் இல்லை. பார்க்க வருபவர் வண்டி மிக நல்ல நிலையில் இருப்பதைக் கண்டும், உதட்டைப் பிதுக்கி, இல்லாத குறைகளைச் சொல்லிப் பாதி விலைக்குக் கேட்கிறார். இங்கே அறிந்தவர் வாங்குபவர், அறியாதவர் விற்பவர். கடமையும் அதற்கேற்ப இடம் மாறுகிறது. உண்மையைச் சொல்லும் கடமை, விற்பவர் என்ற பெயரோடு ஒட்டியிருப்பதன்று, அறிவோடு ஒட்டியிருப்பது. யாரிடம் அறிவு இருக்கிறதோ அவரிடம் கடமையும் இருக்கிறது.

திருவள்ளுவர் வாணிபத்தின் அறத்தைப் பொருள் சேர்ப்பதைப் பற்றிய அதிகாரத்தில் கூறாமல், நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளாக வைத்தார் என்பது இங்கே நினைக்கத்தக்கது. பிறர் பொருளையும் தம் பொருள் போலவே எண்ணிச் செய்வதுதான் வாணிபம் என்பது அவர் கருத்து. தராசு இரு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

*உண்மையின் விலை யாருடையது?*

இத்தனைக்கும் பிறகு நேர்மையான ஒரு தடை எஞ்சி நிற்கிறது. "சொன்னால் ஐம்பதாயிரம் குறைந்துவிடும், சாமி. மகள் கல்லூரிக் கட்டணத்துக்காகத்தான் வண்டியையே விற்கிறேன்." இதைக் கேட்டுச் சிரிக்கவும் முடியாது, சினக்கவும் முடியாது. ஏழை விற்பவருக்கு உண்மை செலவு மிக்கது. ஆனால் சற்று நின்று எண்ணினால், அந்த ஐம்பதாயிரம் எதன் விலை? வண்டியின் விலையன்று, வண்டிக்கு அந்த மதிப்பு இல்லை என்று அவரே அறிவார். அது வாங்குபவரின் அறியாமைக்கு வாங்கும் விலை. அந்த வாங்குபவரும், கடன் வாங்கி, ஒருவேளை தம் மகளின் கட்டணத்துக்காகவே வாடகைக்கு ஓட்டலாம் என்று வாங்குபவராயிருக்கக்கூடும். ஒரு வீட்டின் சுமையை அடுத்த வீட்டின் தலையில், அந்த வீட்டார் அறியாமல் இறக்கிவைப்பது சுமையைத் தீர்ப்பதாகாது.

இழப்பு அந்த இருவரோடும் நின்றுவிடுவதில்லை. ஜார்ஜ் அக்கர்லோஃப் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் 1970இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அதன் அடிப்படையாக எண்ணப்பட்டது அந்த ஆய்வே. அவர் கருத்தை எளிய கணக்கில் காண்போம். நல்ல காரின் உண்மை மதிப்பு மூன்று இலட்சம், கெட்ட காரின் மதிப்பு ஒரு இலட்சம் என்று கொள்வோம். வாங்குபவருக்கு இரண்டையும் வேறுபடுத்தத் தெரியவில்லை. ஆகவே எதற்கும் இரண்டு இலட்சத்துக்குமேல் தரத் துணியார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி ஒதுங்கிக்கொள்வார். சந்தையில் கெட்ட கார்களின் பங்கு கூடும். அதை உணர்ந்த மக்கள் இன்னும் குறைத்துக் கேட்பார்கள். இறுதியில் நல்ல வண்டி வைத்திருப்பவர் உண்மையைச் சொன்னாலும் நம்புவாரில்லை.

ஒருவரின் மௌனம் இவ்வாறு முன்பின் அறியாத பல நல்லவர்களின் வாய்ச்சொல்லின் மதிப்பைக் குறைத்துவிடுகிறது. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குப் பின்னே தாமிரபரணியின் நீரும் இருக்கிறது. மேலே நல்ல இலையும் நடுவே அழுகலும் வைத்துக் கட்டாத தலைமுறைகளின் கையும் இருக்கிறது. ஊரின் பெயர் எல்லாரும் சேர்ந்து சேர்த்துவைத்த பொதுப்பணம். அதை ஒருவர் தம் ஐம்பதாயிரத்துக்காகத் தனியே எடுத்துச் செலவழிக்க உரிமையுண்டோ?

*யார் என் மகள்?*

மீண்டும் அந்த 1872ஆம் ஆண்டுச் சட்டத்துக்கே வருவோம். மகளிடம் குதிரையின் குறையை மறைப்பது தவறு என்று, கடுமையான அச்சட்டமே ஒப்புக்கொள்கிறது. அப்படியானால் கடமையின் ஊற்று குதிரையிலும் இல்லை, விலையிலும் இல்லை, உறவில் இருக்கிறது. எவ்வளவு தூரம் உறவு செல்கிறதோ அவ்வளவு தூரம் கடமையும் செல்கிறது. 'எனக்கு அடுத்திருப்பவர் யார்?' என்று ஆண்டவரைக் கேட்ட சட்ட அறிஞர், அந்த எல்லையைத்தான் அறிய விரும்பினார். எரிகோ வழியில் அடிபட்டுக் கிடந்தவரின் கதையைச் சொன்ன இயேசு, எல்லைக் கோடு வரைந்து தரவில்லை. யார் உறவாக நடந்துகொண்டார் என்று திருப்பிக் கேட்டார். சட்டம் மகளோடு நிறுத்திக்கொள்ளலாம். நற்செய்தியைக் கேட்டு வளர்ந்தவர்கள் அங்கே நிறுத்திக்கொள்ள முடியாது.

இதன் பொருள், வண்டியை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதன்று. குறைந்த விலைக்கு விற்க வேண்டும் என்பதுமன்று. மகளிடமும் நியாய விலை கேட்கலாம். ஆனால் மகளிடம் சாவியைக் கொடுக்கும் தந்தை வாய்மூடி நிற்க மாட்டார். "கண்ணு, மழைக்காலத்துல இது கிளம்பக் கொஞ்சம் அடம்பிடிக்கும். வெள்ளத்துல ஒரு தடவை நின்ன வண்டி, வயரிங்கை ஒருமுறை முழுசாப் பாத்துரு. இடதுபக்கம் லேசா இழுக்கும், வேகமாப் போகாதே" என்று சொல்லிக்கொண்டே வாசல் வரை வருவார். அவர் மகளிடம் சொல்லும் அந்தப் பட்டியலே, வாங்க வரும் அந்நியருக்கும் அவர் கடன்பட்டிருக்கும் பட்டியல். அதில் ஒன்று கூட்டவும் வேண்டாம். ஒன்று குறைக்கவும் வேண்டாம்.

கார் வாங்கியவர்கள் அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து மந்திரித்துத் தரக் கேட்பது நம்மிடையே நல்ல வழக்கம். மாலை சூட்டி, தீர்த்தம் தெளித்து, பயணம் இனிதாக வேண்டுமென்று மன்றாடுகிறோம். விற்றவர் அப்போது வருவதில்லை. ஆனால் அந்த மன்றாட்டு நிறைவேறுவதில் குருவின் பங்கைப் போலவே அவர் பங்கும் உண்டு. அதை அவர் முன்னரே தம் வீட்டு முற்றத்தில் செய்திருக்க வேண்டும்.

ஆகவே வண்டி விற்க எண்ணுவோருக்கு ஒரு சிறு யோசனை. ஆர்.சி. புத்தகம், காப்பீட்டுத் தாள், கடன் தீர்ந்ததற்கான தடையில்லாச் சான்று ஆகியவற்றை எடுத்துவைக்கும்போது, ஒரு வெள்ளைத்தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். மகளிடம் சொல்வதையெல்லாம் அதில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். விலை பேசத் தொடங்குவதற்கு முன், வந்தவர் கையில் அதைக் கொடுங்கள்.